பெர்லினர் பல்லாடே (1948): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் நகைச்சுவைப் படங்களில் முதலில் பார்க்க வேண்டியது எது என்றால் எங்கள் பதில் 'பெர்லினர் பல்லாடே'தான். ஆனால் முன் தயாரிப்பு இல்லாமல் உட்கார்ந்தால் பாதி சிரிப்பு கைநழுவிப் போகும். அதன் நகைச்சுவை ரேஷன் அட்டையிலும் அரசு முத்திரையிலும் கிராம் கணக்கிலும் இருக்கிறது. அந்தக் கணக்குகளையும் படம் உருவான சூழலையும் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

இது என்ன படம்? யார் எடுத்தது?

1948 டிசம்பர் 31 அன்று, பெர்லினின் குர்ஃபூர்ஸ்டன்டாம் சாலையில் உள்ள மார்மோர்ஹவுஸ் திரையரங்கில் முதலில் திரையிடப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம். இயக்கம் ராபர்ட் ஏ. ஷ்டெம்லே. கதை வசனம் கூன்டர் நொய்மன். ஒளிப்பதிவு கெயோர்க் கிரவுஸே; ஸ்டான்லி குப்ரிக் 1957-ல் மியூனிக் அருகே எடுத்த 'பாத்ஸ் ஆஃப் குளோரி'க்கும் கேமரா இவர்தான். இசை வெர்னர் ஐஸ்பிரென்னர். தயாரித்தது கொமேடியா-ஃபில்ம் நிறுவனம். அதை 1947-ல் தொடங்கியவர்கள் ஆல்ஃப் டைக்ஸும், ஜெர்மன் சினிமாவின் பெரிய நகைச்சுவை நட்சத்திரமான ஹைன்ஸ் ரூமனும். ரூமன் இந்தப் படத்தில் நடிக்கவில்லை. நாயகன், அப்போது சினிமாவில் யாரும் அறியாத கெர்ட் ஃப்ரோபே.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஓட்டோ என்ற சிப்பாய் போர் முடிந்து பெர்லினுக்குத் திரும்புகிறான். ஊர் இடிந்து கிடக்கிறது. அவன் வீடு பாதி நிற்கிறது. நிற்கிற பாதியில் வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு அட்டை, அட்டைக்கு ஒரு தாள், அந்தத் தாளுக்கு இன்னொரு தாள் என்று அலைகிறான். பசியில் கேக்கைக் கனவு காண்கிறான். கனவில் கேக்கோடு வரும் பெண்ணை நிஜத்தில் தேடுகிறான். நடுவே நகரத்தைப் பங்கிட்டுக்கொண்ட கிழக்கும் (சோவியத் தரப்பு) மேற்கும் (அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ்) அவன் தலைக்கு மேலே வாதாடிக்கொண்டே இருக்கின்றன. இவ்வளவுதான். முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. அது பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியது.

நாயகனின் பெயரே ஒரு நகைச்சுவை என்கிறார்களே, எப்படி?

அவன் முழுப்பெயர் ஓட்டோ நோர்மால்ஃபெர்ப்ராவுகர். இரண்டாம் பகுதிக்கு 'சாதாரண நுகர்வோர்' என்று பொருள். அது மனிதப் பெயர் இல்லை, ரேஷன் அலுவலகத்தின் வகைப்பெயர். 1939 ஆகஸ்ட் கடைசியில், போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, ஜெர்மனியில் ரேஷன் வந்தது. மக்களைக் கடின உழைப்பாளி, மிகக் கடின உழைப்பாளி என்றெல்லாம் பிரித்தார்கள். எந்தச் சிறப்புப் பிரிவிலும் சேராதவர் 'சாதாரண நுகர்வோர்'. தமிழில் சொன்னால் ஒருவனுக்கு 'ரேஷன் கார்டு ரங்கசாமி' என்று பெயர் வைத்தது போல. வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் ஜெர்மானியர்கள் சராசரி ஆளைக் குறிக்க 'ஓட்டோ நோர்மால்ஃபெர்ப்ராவுகர்' என்கிறார்கள், அகராதியிலும் ஏறிவிட்டது. அதைச் சொல்லும் பலருக்கு அது ஒரு படப் பாத்திரம் என்பதே தெரியாது.

பெர்லினில் அளவு எவ்வளவு என்று தெரிந்தால்தான் பெயரின் வலி புரியும். 1945 மே மாதத்தில் சோவியத் நிர்வாகம் நகரத்துக்கு ஐந்து வகை அட்டைகளை வகுத்தது. கடின உழைப்பாளிகளுக்கான முதல் வகுப்பில் ஒரு நாளைக்கு 600 கிராம் ரொட்டி, 100 கிராம் இறைச்சி, 30 கிராம் கொழுப்பு. வேலை இல்லாதவர்களும் இல்லத்தரசிகளும் இருந்த ஐந்தாம் வகுப்பில் 300 கிராம் ரொட்டி, 20 கிராம் இறைச்சி, 7 கிராம் கொழுப்பு, 15 கிராம் சர்க்கரை. உருளைக்கிழங்கு எல்லாருக்கும் 400 கிராம். 7 கிராம் கொழுப்பு என்றால் சுமார் ஒன்றரை டீஸ்பூன் எண்ணெய். 20 கிராம் இறைச்சி, பாதி முட்டையின் எடைக்கும் குறைவு. அட்டையில் எழுதியது கடையில் கிடைத்தால்தான் இந்த அளவும். பெர்லின்காரர்கள் ஐந்தாம் வகுப்பு அட்டைக்கு 'பரலோக யாத்திரை அட்டை' என்று பெயர் வைத்தார்கள். 1947 மார்ச்சில் அந்த வகுப்பை எடுத்துவிட்டார்கள். படம் வந்தபோது அரங்கில் இருந்த பலர் அதில் இரண்டு குளிர்காலம் கழித்தவர்கள்.

கனவில் ஏன் கேக்? ரொட்டியோ இறைச்சியோ ஏன் இல்லை?

மேலே சொன்ன எண்களை வைத்து ஒரு கேக் செய்து பாருங்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, முட்டை நான்கும் ஒரே எடையில் போடும் சாதாரணக் கேக்கை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 250 கிராம். நாளுக்கு 7 கிராம் கொழுப்பு வாங்குபவர் 250 கிராம் வெண்ணெய் சேர்க்க 36 நாள் ஆகும், அதுவரை வேறு எதிலும் ஒரு துளி எண்ணெய் ஊற்றக் கூடாது. சர்க்கரைக்கு 17 நாள். முட்டை வேண்டுமென்றால் கிராமத்துக்கு ரயிலேறிப் போய், வீட்டில் மிஞ்சிய மேசைவிரிப்பையோ கடிகாரத்தையோ விவசாயியிடம் கொடுத்து வாங்கி வர வேண்டும். அதன் பிறகு சுடுவதற்கு எரிவாயு வேண்டும், அதற்கும் அளவு உண்டு.

ரொட்டி, எவ்வளவு குறைவாக இருந்தாலும், தினமும் கண்ணில் பட்டது. கேக் இந்தக் கணக்கில் எங்குமே வராத பொருள், அதனால் கனவுக்குப் பொருந்துகிறது. இன்றைய பார்வையாளருக்கு அந்தக் காட்சி வெறும் குழந்தைத்தனமாகத் தெரிந்தால் குற்றம் காட்சியில் இல்லை. இந்த 36 நாள் கணக்கு நமக்குத் தெரியாமல் போனதுதான் காரணம்.

மற்ற பாத்திரங்களின் பெயர்களிலும் இப்படி ஏதாவது ஒளிந்திருக்கிறதா?

ஆம். கனவுப் பெண்ணின் பெயர் ஏஃபா வான்டெல் (நடிப்பு ஊட்டே ஸீலிஷ்). வான்டெல் என்றால் 'மாற்றம்'. ஈடா ஹொல்லே (நடிப்பு தாத்யானா ஸைஸ்) என்ற பெயரைக் கேட்டதும் எந்த ஜெர்மானியருக்கும் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில் மெத்தையை உதறிப் பனி பெய்யவைக்கும் ஹொல்லே பாட்டி நினைவுக்கு வருவாள். ஆரிபெர்ட் வேஷர் நடித்த பாத்திரம் அன்டோன் ட்ஸைஸிக். ட்ஸைஸிக் ஒரு சிறு பாடும் பறவை. பொறுப்பில்லாத உல்லாசப் பேர்வழியை 'தளர்ந்த ட்ஸைஸிக்' என்பது ஜெர்மன் வழக்கு. பெயரே இல்லாதவர்களும் உண்டு. ஓ. இ. ஹாஸ்ஸே நடிப்பது 'பிற்போக்குவாதி', வெர்னர் ஓல்ஷ்லேகர் நடிப்பது 'பேச்சாளர்'. இவர்கள் ஆட்கள் அல்ல, வகைகள். மேடை அங்கதத்திலிருந்து அப்படியே இறங்கி வந்தவர்கள்.

சொந்த வீட்டில் மற்றவர்களை எப்படிக் குடிவைத்தார்கள்? ஓட்டோ ஏன் வெளியேற்றவில்லை?

முடியாது. பெர்லினின் குடியிருப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போரில் அழிந்துவிட்டது. நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு 1946 மார்ச்சில் பிறப்பித்த 18-ஆம் எண் சட்டப்படி, காலி அறைகளை யாருக்குக் கொடுப்பது என்பதை வீட்டுவசதி அலுவலகம் முடிவு செய்தது. உரிமையாளர் என்பதால் முன்னுரிமை எதுவும் கிடையாது. நகரத்துக்குள் குடியேறவே தனி அனுமதித் தாள் வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் ரேஷன் அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் சோறு இல்லை. ஓட்டோ சண்டை போடாமல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். ஒரு எழுத்தரின் முத்திரை தவறினால் நான்கு விஷயங்கள் ஒன்றாகச் சரியும் என்பது அவனுக்குத் தெரியும்.

கறுப்புச் சந்தை விலை என்ன?

1948 ஜூனில் பழைய பணத்தை மாற்றிய பணச் சீர்திருத்தத்துக்கு முன்பு, ஒரு அமெரிக்க சிகரெட் 5 முதல் 10 ரைக்ஸ்மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) வரை போனது. சாதாரணத் தொழிலாளியின் மாதச் சம்பளம் 200 ரைக்ஸ்மார்க் அளவில் இருந்தது. சிகரெட் ஒன்றுக்கு 7 என்று வைத்தால் ஒரு மாத உழைப்புக்கு 28 சிகரெட், ஒன்றரைப் பெட்டிகூட இல்லை. அதனால் சிகரெட்டை யாரும் சும்மா புகைக்கவில்லை, பணமாகப் பயன்படுத்தினார்கள். படத்தில் யாராவது நிதானமாகப் பற்றவைத்தால் அவர் கையில் எரிவது ரூபாய் நோட்டு என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.

இது முதலில் மேடை நிகழ்ச்சியாக இருந்ததாமே?

ஆம், இதைத் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம். நொய்மன் 1947-ல் பெர்லினின் உலென்ஷ்பீகல் மேடைக்கு 'ஷ்வார்ட்ஸர் யார்மார்க்ட்' என்ற கபரே நிகழ்ச்சியை எழுதினார். இங்கே கபரே என்பது நம்மூரில் அந்தச் சொல்லுக்கு ஒட்டிக்கொண்ட பொருளில் இல்லை. ஜெர்மனியில் அது பாட்டும் பேச்சும் குறுநாடகமும் கலந்த அரசியல் அங்கத மேடை. தலைப்பும் சொல்விளையாட்டுதான்: 'ஷ்வார்ட்ஸ்மார்க்ட்' கறுப்புச் சந்தை, 'யார்மார்க்ட்' ஆண்டுத் திருவிழாச் சந்தை, இரண்டையும் பிணைத்தால் கறுப்புத் திருவிழா.

மேடையைப் படமாக்குவதில் மூன்று இடங்களில் அடி விழும். முதலாவது, கபரேயில் ஒவ்வொரு துண்டும் தனித்தனி, அவற்றை இணைக்க ஒரே ஆள் தேவையில்லை. படத்துக்கு ஒரு முகம் வேண்டும். அதற்குத்தான் ஓட்டோ. எல்லா அலுவலகங்கள் வழியாகவும் ஒரே மெலிந்த ஆள் நடந்து போவதால் தனித்தனிக் காட்சிகளை ஒரு நூல் கோக்கிறது. இரண்டாவது, மேடை நடிகர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருப்பார், படம் காத்திருக்காது. ஒரு சிரிப்பில் அடுத்த வசனம் முழுகிப்போகும். இதற்கு ஷ்டெம்லே வைத்த மருந்து, பேச்சை வெட்டிப் பார்வையைக் கூட்டியது. ஓட்டோ அதிகம் பேசுவதே இல்லை. அவன் கண்ணும் கழுத்தும்தான் வசனம். மூன்றாவது, மேடையில் பார்வையாளரை நேரடியாகப் பார்த்துப் பேசும் அறிவிப்பாளர். அவர் இல்லாவிட்டால் கபரே இல்லை. படத்தில் அவர் குரலாக மாறிவிட்டார். காட்சிக்கு வெளியிலிருந்து, பிற்காலத்தில் தொலைக்காட்சித் துப்பறிவாளராகப் பெரும் புகழ் பெற்ற எரிக் ஓடே, ஓட்டோவின் வாழ்க்கையை விளக்குகிறார்.

முதல் இரண்டும் அருமையாகப் பலித்திருக்கின்றன. மூன்றாவது அவ்வளவு இல்லை. சில இடங்களில் கண் ஏற்கெனவே பார்த்துவிட்டதைக் குரல் மறுபடி சொல்கிறது, அங்கெல்லாம் படம் தளர்கிறது.

படம் ஏன் 2048-ஆம் ஆண்டில் தொடங்குகிறது?

விளக்கக் குரல் நூறு ஆண்டு கழித்து நின்று 1948-ஐத் திரும்பிப் பார்க்கிறது. காரணம் நடைமுறையானது. ரேஷன் அட்டை என்றால் என்ன, மண்டலம் (வென்ற நாடுகள் ஜெர்மனியைப் பிரித்து ஆண்ட பகுதி) என்றால் என்ன என்று 1948-ன் பார்வையாளருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை; விளக்கினால் அலுப்புத் தட்டும். ஆனால் எதுவும் தெரியாத எதிர்காலத்து மக்களுக்கு விளக்குவதாகப் பாவனை செய்தால், அன்றாடப் பசியே விசித்திரமான பழங்கால வழக்கம் போலத் தெரியும். மக்கள் தங்கள் துன்பத்தைச் சற்று தள்ளி நின்று பார்த்தார்கள். அந்த இடைவெளியில்தான் சிரிப்பு வந்தது. எங்களைப் பொறுத்தவரை படத்தின் மிகச் சிறந்த யோசனை இதுதான். இன்று நமக்கும் அது உதவுகிறது: 1948-ஐ அறியாத பார்வையாளராக நம்மை ஏற்கெனவே எண்ணி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஜெர்மனியில் படம் எடுக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

வெற்றி பெற்ற நாடுகளின் ராணுவ நிர்வாகத்திடம். நேச நாடுகளின் 191-ஆம் எண் சட்டம் ஜெர்மானியர்கள் படம் எடுப்பதையே தடுத்தது. பிறகு 1945 மே மாதத்திலிருந்து உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் வழி திறந்தது. அமெரிக்க மண்டலத்தில் சினிமாவைக் கவனித்த அதிகாரி எரிக் பொம்மர். 'மெட்ரோபோலிஸ்', 'நீல தேவதை' ஆகியவற்றைத் தயாரித்த அதே பொம்மர். நாஜிகள் வந்ததும் நாட்டை விட்டுப் போனவர், 1946-ல் அமெரிக்க அதிகாரியாகத் திரும்பினார்.

முதலில் 131 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டும்: எந்தக் கட்சியில் இருந்தீர்கள், எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு சந்தா கட்டினீர்கள், போரில் என்ன செய்தீர்கள். பொய் எழுதினால் தண்டனை. அது தேறினால்தான் தயாரிப்பாளர் உரிமம். உரிமம் வந்தாலும் திரைக்கதையைக் காட்ட வேண்டும், முக்கியமான ஆட்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேற வேண்டும், எடுத்து முடித்த படத்தையும் பார்த்து ஒப்புதல் தருவார்கள். சிக்கல் பெரும்பாலும் ஆட்களிடம்தான் வந்தது. பன்னிரண்டு ஆண்டு நாஜிக் காலத்தில் வேலை செய்யாத அனுபவசாலிகள் மிகக் குறைவு. நாயகன், கேமராமேன், இசையமைப்பாளர் மூவரில் ஒருவரின் தாள் தாமதமானாலும் முழு வேலையும் நிற்கும். மண்டலம் மாறினால் அதிகாரியும் மாறுவார், விதியும் மாறும்.

பிலிம் ரோலும் மின்சாரமும் எங்கிருந்து வந்தன?

பிலிமுக்கு ஆக்ஃபாவின் பெரிய தொழிற்சாலை வோல்ஃபன் ஊரில் இருந்தது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை அதைப் பிடித்தது; ஜூலையில் அந்தப் பகுதி சோவியத் கைக்குப் போனது. அதனால் மேற்கு மண்டலத் தயாரிப்பாளர்களுக்குக் கச்சா பிலிம் என்பது தலைவலியாகவே இருந்தது.

அளவைப் பார்ப்போம். 35 மில்லிமீட்டர் பிலிம் வினாடிக்கு 24 சட்டகம் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும். 300 மீட்டர் ரோல் ஒன்று 11 நிமிடம். கைக்கேமராவில் போடும் 60 மீட்டர் ரோல் இரண்டு நிமிடம் சொச்சம். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு முடிந்த நிலையில் மட்டும் ஏறத்தாழ 2,460 மீட்டர். ஒரு ஷாட்டுக்குச் சராசரி ஐந்து மடங்கு பிலிம் செலவானால் 12,000 மீட்டரைத் தாண்டும். இதோடு ஒலிக்குத் தனி நெகட்டிவ், அன்றன்றைய பிரதி, திரையரங்குப் பிரதிகள். ஐந்தை மூன்றாகக் குறைத்தால் ஏறத்தாழ 5,000 மீட்டர் மிச்சம். நகைச்சுவைக்கு இது பெரிய சோதனை. வேகம் பிடிபடும் வரை மறுபடி மறுபடி எடுக்க ஆசை வரும், பிலிம் விடாது. ஆகையால் மேடையில் பழகிய நடிகர்கள் தங்கத்துக்குச் சமம். ஒத்திகையில் வேகத்தைப் பிடித்துவிட்டு வருவார்கள். இந்தக் காலப் படங்களில் கபரே நடிகர்கள் குவிந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மின்சாரம் இன்னும் கடினம். 1948 ஜூன் 24 அன்று சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்கான தரை வழிகளையும் நீர் வழிகளையும் அடைத்தது. கிழக்கிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. வீடுகளுக்கு நாளைக்கு நான்கு மணி நேரம், அதுவும் இரண்டு தவணையாக, சில பகுதிகளில் நடு இரவில். ஸ்டுடியோவின் பெரிய கார்பன் ஆர்க் விளக்கு ஒன்றே 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வெளிப்புறக் காட்சியில் சூரியன் இலவசம், இடிபாடும் இலவசம். போர் விட்டுச் சென்ற இடிபாட்டுக் குவியல் பெர்லினில் மட்டும் 7.5 கோடி கன மீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். 'இடிபாட்டுப் படம்' என்று ஒரு வகையே உருவானது கலைத் தேர்வால் மட்டும் இல்லை.

நாயகன் ஃப்ரோபே, ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வரும் கோல்ட்ஃபிங்கரேதானா?

அவரேதான். 1964-ல் பருத்த உடலோடு தங்கத்தின் மேல் வெறி கொண்ட வில்லனாக வந்த ஃப்ரோபேயை மட்டும் பார்த்தவர்கள் இந்தப் படத்தில் அவரை அடையாளம் காணத் தடுமாறுவார்கள். 1913-ல் ட்ஸ்விக்காவ் நகருக்கு அருகே பிறந்தவர். முதலில் வயலின் வாசித்தார், பிறகு மேடைக்கு ஓவியத் திரை தீட்டக் கற்றார், அதன் பிறகே நடிப்பு. இந்தப் படம் வந்தபோது வயது 35. கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு தெரிந்து, கோட்டு தோளில் மாட்டிய துணி போலத் தொங்குகிறது. அந்த மெலிவு ஒப்பனை இல்லை. அரங்கில் இருந்தவர்களின் உடம்பும் அப்படித்தான் இருந்தது. கொழுத்த நடிகர் ஒருவர் பசியை நடித்திருந்தால் முதல் ரீலிலேயே படம் தோற்றிருக்கும்.

அவர் நடப்பதைக் கவனியுங்கள். நீளமான கால், ஆனால் அடி குட்டையாக வைக்கிறார், எந்த நேரமும் யாராவது 'நில்' என்று சொல்லக்கூடும் என்பது போல.

படம் எந்தப் பக்கம்? கிழக்கா, மேற்கா?

மேற்கு உரிமத்தில் வந்த படம், ஆனால் இரு தரப்பையும் கிண்டல் செய்கிறது. பேச்சாளரின் வாயிலிருந்து வரும் பெரிய சொற்களும் ஓட்டோவின் காலி வயிறும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. ஷ்டெம்லேயின் வேலையே இதற்குச் சாட்சி: இதே 1948 டிசம்பர் 3 அன்று, கிழக்கின் டெஃபா நிறுவனம் எடுத்த 'அஃபேரே புளூம்' வெளியானது, அதற்குத் திரைக்கதை எழுதியவரும் அவரே. ஒரே மாதத்தில் ஒரே ஆளின் படம் இரு பக்கமும். கொஞ்ச காலத்தில் அது முடியாத காரியம் ஆகிவிட்டது.

நொய்மன் வேறு திசையில் போனார். படம் வெளியாவதற்கு ஆறு நாள் முன்பு, 1948 டிசம்பர் 25 அன்று, பெர்லினின் அமெரிக்கப் பகுதியில் இயங்கிய ரியாஸ் வானொலியில் அவருடைய 'தீவுக்காரர்கள்' நிகழ்ச்சி தொடங்கியது. முற்றுகையிடப்பட்ட மேற்கு பெர்லின்தான் தீவு. அது தெளிவாக மேற்கின் குரல், 1960-கள் வரை ஓடியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரு பக்கமும் பார்த்துச் சிரித்த கடைசி நாட்களில் 'பெர்லினர் பல்லாடே' எழுதப்பட்டது தெரியும்.

இவ்வளவு நல்ல தொடக்கம் இருந்தும் இந்த வகைப் படங்கள் ஏன் நின்றுபோயின?

1948 ஜூன் மாதப் பணச் சீர்திருத்தம்தான் பெரிய வெட்டு. மேற்கு மண்டலங்களில் ஆளுக்கு முதலில் 40 புதிய மார்க் கொடுத்தார்கள். பழைய சேமிப்பு பெரும்பாலும் கரைந்தது. அதுவரை பதுக்கிய சரக்கு மறுநாளே கடை ஜன்னலுக்கு வந்தது. முன்பு கையில் காகிதப் பணம் நிறைய, வாங்கப் பொருள் இல்லை. அதனால் மக்கள் சினிமாவுக்குப் போனார்கள். இப்போது பொருள் இருக்கிறது, பணம் இல்லை. டிக்கெட்டா செருப்பா என்றால் செருப்பு. பழைய பணத்தில் திட்டமிட்ட தயாரிப்பாளர்களின் கணக்கு ஒரே வாரத்தில் குலைந்தது. கொமேடியாவும் தாக்குப்பிடிக்கவில்லை, சில ஆண்டுகளில் நொடித்துப்போனது, ரூமன் அதன் கடனை நெடுநாள் சுமந்தார்.

ரசனையும் மாறியது. ரேஷன் நகைச்சுவைக்கு ரேஷன் வேண்டும். மேற்கு ஜெர்மனியில் அது 1950-ல் முடிந்தது. இடிபாட்டைக் காசு கொடுத்துப் பார்க்க யாருக்கும் மனமில்லை. இந்தப் படத்தில் எமில் லெம்கே என்ற பாத்திரத்தில் வரும் ஹான்ஸ் டெப்பே, 1950-ல் 'ஷ்வார்ட்ஸ்வால்ட்மேடல்' என்ற வண்ணப் படத்தை இயக்கினார்: காடு, திருவிழா, வைக்கோல் தொப்பி, காதல். மக்கள் திரண்டார்கள். பத்தாண்டு ஓடிய கிராமத்துப் படங்களின் அலை அதிலிருந்து எழுந்தது.

பரிசு ஏதும் கிடைத்ததா?

1949 வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. பிரிட்டிஷ் அகாடமியின் சிறந்த படத்துக்கான பட்டியலிலும் இடம் பிடித்தது. அந்தப் பட்டியலில் 'தி தேர்ட் மேன்' இருந்தது, வென்றது 'பைசைக்கிள் தீவ்ஸ்'.

பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? நிமிடக் கணக்கு ஏன் மாறுகிறது?

படம் ஏறத்தாழச் சதுரச் சட்டகத்தில் எடுக்கப்பட்டது, அகலமும் உயரமும் 1.37-க்கு 1. அகலத்திரைத் தொலைக்காட்சி தானாகவே இழுத்து நிரப்பினால் ஃப்ரோபே குண்டாகத் தெரிவார், படத்தின் உயிரே போய்விடும். மேலும் கீழும் வெட்டி நிரப்பினால் தலையோ கையிலிருக்கும் தாளோ காணாமல் போகும். அமைப்பில் 4:3 என்று வைத்து, இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நிமிடக் கணக்குக்கு வேகம்தான் காரணம். திரையரங்கில் வினாடிக்கு 24 சட்டகம். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கும் டிவிடிக்கும் மாற்றும்போது 25 ஆக ஓடவிடுவார்கள். 92 நிமிடப் படம் 88 ஆகிவிடும். எதையும் வெட்டியிருக்க மாட்டார்கள். குரலும் பாட்டும் மட்டும் சற்றே மேல் சுருதியில் கேட்கும்.

பாத்திரங்கள் பேசுவது பெர்லின் வழக்கு. 'இக்' என்றால் நான், 'தித்' என்றால் அது, 'கூட்' என்ற நல்லது 'யூட்' ஆகும். வகுப்பில் ஜெர்மன் படித்தவர்களும் முதல் பத்து நிமிடம் தடுமாறுவார்கள். முதல் முறை துணையெழுத்தோடும் இரண்டாம் முறை அது இல்லாமலும் பாருங்கள். பாட்டுகளில் எதுகை எங்கே விழுகிறது என்பது காதில்தான் பிடிபடும்.

முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் உண்டா?

இந்தக் காலப் படம் எதைப் பார்த்தாலும் உதவும் நான்கைந்து சொற்கள் போதும். 'ஷீபர்' என்றால் கறுப்புச் சந்தை வியாபாரி. 'ஹாம்ஸ்டர்ன்' என்றால் கிராமத்துக்குப் போய் உணவைச் சேர்த்துவருவது. கன்னப்பையில் தானியம் அடைக்கும் வெள்ளெலி வகைப் பிராணியின் பெயரிலிருந்து வந்தது. 'பெர்ஸில் சீட்டு' என்பது நாஜி இல்லை என்று நற்சான்று தரும் தாள். பெர்ஸில் ஒரு சலவைத்தூள், போட்டால் கறை போகும். 'ஃப்ரிங்ஸன்' என்றால் ரயிலிலிருந்து நிலக்கரி எடுப்பது. கொலோன் நகரின் கார்டினல் ஃப்ரிங்ஸ், 1946 டிசம்பர் 31 அன்று பிரசங்கத்தில், உயிரும் உடலும் காக்க வேறு வழி இல்லாதபோது தேவையானதை எடுத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் பேசினார். விரைவிலேயே அவர் பெயர் வினைச்சொல் ஆனது.

அடுத்து எதைப் பார்க்கலாம்?

'ஃபில்ம் ஓனே டீட்டல்', அதாவது 'தலைப்பில்லாத படம்'. 1948 ஜனவரியில் வந்தது. ருடோல்ஃப் யுகெர்ட்டின் முதல் இயக்கம், ஹில்டகார்ட் க்னெஃப் நாயகி, அந்த ஆண்டு லொகார்னோ விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசு அவருக்கு. ஒரு இயக்குநர், ஒரு திரைக்கதையாளர், நட்சத்திரம் வில்லி ஃப்ரிட்ஷ் (தன் பெயரிலேயே வருகிறார்) மூவரும் உட்கார்ந்து, இந்த நிலைமையில் நகைச்சுவைப் படம் எடுப்பது எப்படி என்று விவாதிக்கிறார்கள். நகரத்துப் பழம்பொருள் வணிகரும் அவர் வீட்டில் வேலை செய்த விவசாயி மகளும் காதலிக்கும் கதை கையில் இருக்கிறது. போருக்குப் பின் அவரிடம் ஒன்றும் இல்லை, அவள் வீட்டில் பன்றியும் உருளைக்கிழங்கும் இருக்கின்றன. உயர்வு தாழ்வு தலைகீழ். முடிவை இருண்ட நிழல்களோடும் போருக்கு முந்தைய பெரிய ஜெர்மன் ஸ்டுடியோவான ஊஃபாவின் பாணி மினுமினுப்போடும் கற்பனை செய்து காட்டி, எது ஏன் பொருந்தாது என்று படமே காட்டுகிறது. இந்தப் பக்கத்தில் நாங்கள் விளக்கியதில் பாதியைத் திரையிலேயே பார்க்கலாம்.

அதற்குப் பிறகு நொய்மனின் எழுத்து பத்தாண்டில் எங்கே போனது என்று பார்க்க, கர்ட் ஹோஃப்மன் இயக்கிய 'வீர் வுன்டர்கின்டர்' (1958). திரைக்கதை ஹைன்ஸ் பவுக்கும் நொய்மனும். அங்கே விளக்கக் குரல் மறைந்து நிற்கவில்லை. வொல்ஃப்கங் நாய்ஸ் விளக்குபவராகவும் வொல்ஃப்கங் முல்லர் பியானோக்காரராகவும் திரைக்குள்ளேயே வந்து பாடுகிறார்கள். எரிக் ஓடேயின் குரல் சில இடங்களில் செய்த தவறு இதில் சரியாகியிருக்கிறது: கண் பார்த்ததற்கு எதிரானதைத்தான் இவர்கள் பாடுகிறார்கள்.